பெரியநீலாவணை வரைக்கும்

கட்டாருக்குத் திரும்பும் நதீரா, வாப்பாவின் தம்பி காலிதீனின் வேனில் அட்டாளைச்சேனையிலிருந்து விமான நிலையத்துக்குப் புறப்பட்டாள். நிந்தவூர், காரைதீவு, கல்முனை என்று பழகிய ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

வாப்பாவை அடக்கிய மருதமுனை மையவாடி வந்ததும் காலிதீன் வழக்கம்போல ரேடியோவை நிறுத்தினார். இருவரும் கப்றுகளுக்குச் சலாம் சொன்னார்கள். யாருமில்லாத பின் இருக்கையிலிருந்து பதில் சலாம் வந்தது.

"சாச்சா, வாப்பாட குரல்."

"ஓம் மகள். போன தரமும் வந்தவர். நீ நித்திர."

"எதுவரைக்கும் வருவார்?"

"முந்தி உன்ன வழியனுப்ப எதுவரைக்கும் வருவார்?"

"பெரியநீலாவணை வரைக்கும். அதுக்கு மேல வந்தா அழுதிருவார்."

பெரியநீலாவணையில் காலிதீன் வேனை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

பின் இருக்கையில் அமுங்கியிருந்த மெத்தை மெல்ல மேலெழும்பியது.