முடிந்து வைத்த காசு

பணத்தை யாரும் பதுக்கக் கூடாதென்று புதுக் காசுகள் வந்தன. முப்பது நாளில் கறுத்துவிடும், கறுத்தால் செல்லாது. காசு கையில் தங்காமல் ஓடியதில் தொழில்கள் பெருகின; அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் செல்லத்துரைக்கு நிரந்தர வேலையே கிடைத்தது.

மகன் கதிர் காய்ச்சலில் நினைவிழந்தபோது, செல்லத்துரையின் மனைவி காந்திமதி குலசாமியை வேண்டி, புதுக் காசு ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தில் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

முப்பத்திரண்டாம் நாள், கதிரை அடக்கம் செய்த பின், முடிச்சை அவிழ்த்தாள். காசு கறுத்திருந்தது.

"காசு கறுத்ததுக்கும் புள்ள போனதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் செல்லத்துரை.

"வீட்டுக்குப் போயி வேற காசு மாத்திக் கட்டிட்டு வாரேன்னு சொன்னேன்லா. புள்ள முழிச்சா ஒன்னையத்தான் தேடுவான்னு நீங்கதான போகவிடல."

அவன் அந்தக் காசை வாங்கி வேட்டி நுனியால் தேய்க்க ஆரம்பித்தான்.