முருங்கை இலைச் சாறு

ஜெனரேட்டர் டேங்கிலிருந்து பிடித்த பயோடீசலை சின்னான் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"ஆறு மாசமாச்சுங்க. கெடவே இல்லீங்க."

பனியன் கம்பெனி முதலாளி தரணீதரனுக்கு நம்பவே முடியவில்லை. இரண்டே மாதத்தில் பிசுபிசுத்து ஜெனரேட்டரை நிறுத்திவிடும் எண்ணெய், தேன் மாதிரி தெளிவாக இருந்தது.

"என்னத்தப்பா கலந்த?"

"முருங்கை இலைங்க. காயவெச்சு, ஸ்பிரிட்டுல ஊறவெச்சு வடிச்ச சாறுங்க. காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிற எம்புள்ள தமிழ்மதி சொல்லிக் குடுத்துச்சுங்க."

"அடேங்கப்பா! முதலிபாளையம் யூனிட்டுக்கும் இதையே ஊத்தீரலாம். அளவெல்லாம் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிக் குடுத்துரு. உனக்கு என்ன வேணும், கேளு."

பதினோரு வருடமாக நெஞ்சில் கிடந்ததை சின்னான் கேட்டே விட்டார்.

"என்னைய பெர்மனென்ட் பண்ணீருங்க. புள்ள படிப்ப முடிக்கோணுங்க."

"அதுக்கென்ன!" தரணீதரன் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரிடம் திரும்பினார். "இவனுக்கு இங்க என்ன வேலை?"

"டீசல் ஃபில்டர் அடைச்சா கழட்டிக் கழுவறதுங்க. அது ஒண்ணுதானுங்க."

"ஆறு மாசத்துல எத்தன தடவ அடைச்சுது?"

"ஒருக்காக்கூட இல்லீங்க!" என்றார் சின்னான், பெருமை பொங்க.

தரணீதரன் பாட்டிலை மூடி மேஜைமேல் வைத்தார்.

"அப்ப நாளையிலிருந்து நீ வர வேண்டாம். இலைய மட்டும் உம்புள்ளகிட்டக் குடுத்துவிட்டுரு."