இறகு பிடுங்காமல்

நாங்கள் தர வேண்டியது ஒரு கறுப்புப் பெட்டையும் நாலரைக் குஞ்சும்.

மொத்தத்தையும் ஜஹானாரா வீட்டு வாசலில் கொட்டினேன். பெட்டை ஒன்று, குஞ்சு ஒன்பது. எல்லாம் செத்தவை.

வாரத்துக்கு விட்ட கோழி அது. பெட்டை அவருடையது, வளர்ப்பு எங்களுடையது, பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. ஒன்பதில் பாதி நாலரை என்றால் அந்த அரைக் குஞ்சை என்ன செய்வது என்று போன மாதம்தான் சிரித்தோம்.

வாரக் கோழி செத்தால் இறகு பிடுங்காமல் கொண்டுபோய் உடையவரிடம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குழம்பு வைத்துத் தின்றுவிட்டோம் என்றுதான் பேச்சு. அந்தப் பேர் ஒரு தடவை வந்துவிட்டால் பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ஒருத்தரும் நம்மை நம்பி ஒரு முட்டை தர மாட்டார்கள்.

அதனால்தான் முதலில் செத்த குஞ்சுகளை என் மனைவி நாகம்மாள் அழுகாமல் இருக்க சாம்பலில் புரட்டி எடுத்து வைத்திருந்தாள். இன்று விடிந்ததும் தாய்க்கோழியும் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது. அம்பத்தூரில் மூட்டை தூக்கப் போக வேண்டிய நாள். போகவில்லை. சாக்கை சைக்கிளில் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

“வெள்ளக் கழிச்சல், பாயம்மா. மூணே நாளு. மொத்தமும் பூட்ச்சி.”

“நீ சும்மா இரு. நான் பாக்கறேன்.”

ஜஹானாரா குந்தி உட்கார்ந்து பெட்டையைத் தூக்கினார். கொண்டை நீலம் பாய்ந்திருந்தது. வாலைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளையாக ஒட்டிக் காய்ந்திருந்தது. இறக்கைக்கு அடியில் இறகை விலக்கி விலக்கி செள்ளுப் பூச்சி தேடினார். கிடைக்கவில்லை. விரலை முகர்ந்தார்.

“வேப்பெண்ண தடவுனியா?”

“வாராவாரம் நாகு தடவும். செள்ளு ஒண்ணு ஏற வுட்டதில்ல.”

அலகைப் பிளந்தார். உள்ளே மஞ்சளாக ஒட்டியிருந்தது. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி. எல்லாம் சேர்த்து அம்மியில் அரைத்து, உருட்டி, ஒரு நாளைக்கு ஆறு தடவை வாயில் போட்டேன். போட்டதில் பாதியை அது என் சட்டையிலேயே கக்கியது. வேறு சட்டை துவைத்துப் போட்டிருந்ததால் அதையேதான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஜஹானாரா என் சட்டையையும் பார்த்தார்.

பிறகு குஞ்சுகளை எண்ணினார். இரண்டு தடவை.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“குழம்பு வெச்சித் துன்னுட்டு, நாயி தூக்கினு பூட்ச்சின்னு வந்து கண்ண கசக்குனவங்கள எவ்ளோ பாத்துகீறேன் தெரியுமா? நீ இன்னாடான்னா குஞ்ச எண்ணி எடுத்துகினு வந்துகீற.”

அவர் எழுந்தார்.

“கணக்கு தீந்துச்சு, பரந்தாமா. அடுத்த அடைக்கு வேற பெட்ட தரேன். குந்து, டீ குடிச்சிட்டுப் போ.”

படியிலேயே உட்கார்ந்தேன்.

செத்ததை எல்லாம் அவர் காலால் வேலியோரக் குப்பைமேட்டுக்குத் தள்ளினார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். தகர டப்பாவிலிருந்து நொய்யை அள்ளி வாசலில் இறைத்தார். எங்கெங்கோ இருந்து அவருடைய கோழிகள் ஓடிவந்தன. பதினாலு. நல்ல கோழிகள். அந்த முட்டைக் காசில்தான் மகள் நஜ்மா டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போகிறாள். அவளே டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இஞ்சி தட்டிப் போட்ட டீ. மூன்று நாளாக எதுவும் இப்படி நிம்மதியாக உள்ளே இறங்கவில்லை.

நொய் தீர்ந்துபோயிற்று. கோழிகள் நான் கொட்டிய இடத்துக்கு வந்தன. ஒன்று சாம்பலைக் கொத்தியது. சேவல் என் சாக்கின் மேல் ஏறி நின்றது. இரண்டு பெட்டைகள் குப்பைமேட்டில் ஏறி, அந்தக் குஞ்சுகளை ஒட்டியே காலால் சீய்க்க ஆரம்பித்தன.

டீ பாதியில் நின்றது.

நாங்கள் வாரத்துக்கு விட்ட கோழியும் ஒன்று உண்டு. நாகம்மாள் ஒரு வெள்ளைப் பெட்டையைப் பின்தெரு பார்வதத்திடம் விட்டிருந்தாள். போன வாரம் அது செத்துப்போனது. பார்வதம் ஒழுங்கானவள். இறகு பிடுங்காமல் முந்தானையில் சுற்றி எடுத்துவந்து காட்டினாள். நாகம்மாளும் புரட்டிப் பார்த்தாள், போனது போச்சு என்றாள், வேலியோரம் போட்டாள். எங்களிடம் வளர்ந்த கறுப்புப் பெட்டை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேதான் சீய்த்தது.

ஐந்தாம் நாள் எங்கள் முதல் குஞ்சு தலையைத் தொங்கப் போட்டது.

சைக்கிள் கையெட்டும் தூரத்தில் நின்றது. இப்படியே எழுந்து போனால் யோக்கியன் என்ற பேரோடு போகலாம். பதினாலுக்கும் என்ன ஆகும் என்று தெரிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அப்போதும் யாரும் என்னைச் சொல்ல மாட்டார்கள். வரவர காற்றே சரியில்லை என்பார்கள்.

ஜஹானாரா காலி டம்ளருக்குக் கை நீட்டினார். டம்ளர் காலியாகவில்லை.

“இன்னா, சக்கர பத்தலையா?”

“பாயம்மா,” என்றேன். “கணக்கு தீரல.”