இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும்

வீட்டில் வாய்திறக்க முடியாத பெண்கள் தங்கள் கஷ்டத்தைப் பேசிப் பதிந்து ஆலோசகருக்கு அனுப்ப ஓர் இணையதளம் இருந்தது. அதைக் கட்டியவள் சுகிர்தா. அங்கே பேசியவர்களில் ஒருத்தியான பூங்கோதை அன்று அலுவலகத்துக்கே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

“சாப்பிட உக்காந்தப்ப எங்க வீட்டுக்காரர் என் குரல போன்ல போட்டாருங்க. பிள்ளைங்களும் இருந்தாங்க. முடியிற வரைக்கும் யாரையும் எந்திரிக்க விடல.”

அவள் கணவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவள் போனில் அந்தத் தளத்தைப் பார்த்தவன், அதிலிருந்த ஒரு படத்தின் முகவரியில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்துத் தட்டியிருக்கிறான். படங்கள் இருந்த கோப்புறையை விட்டு மேலே ஏறி, குரல்கள் இருந்த கோப்புறைக்குள் இறங்கிவிட்டான். பதிவுகளுக்கு அவரவர் போன் நம்பரே பெயர். அப்படி மேலே ஏறவிடாமல் தடுக்கும் நிரலை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது சுகிர்தாதான்.

“அத அடைச்சாச்சுங்க. இனிமே யாராலயும் கேக்க முடியாது.” சொல்லும்போதே அவளுக்கு நாக்கு கூசியது.

பூங்கோதை கோபப்படவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு, “நீங்க கேட்டீங்களா?” என்றாள்.

ஓட்டை எதுவரை போகிறதென்று பார்க்கத்தான் காலையில் சுகிர்தா பூங்கோதையின் பதிவைத் திறந்தாள். திறக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், கணவன் தன் கழுத்தை நெரித்ததைப் பூங்கோதை சொல்லி முடிக்கும்வரை கேட்டிருந்தாள்.

“ஆமாங்க,” என்றாள். அதற்குப் பிறகு நிமிர்ந்து அந்தக் கழுத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.