கரையில் நின்ற மண்வெட்டி

தடுப்புக் கரை உடைந்தபோது வெள்ளம் தோண்டிய பள்ளத்துக்கு ‘வீல்’ என்று பெயர். அப்படியொரு பள்ளத்தில் மூழ்கியவனின் நிலத்தை வளைத்துப்போட்ட பாட்டனால்தான் டூனிஸுக்கு ‘வான் டெர் வீல்’, அதாவது ‘பள்ளத்துக்காரன்’, என்ற குடும்பப் பெயர்.

தன் நிலத்துக் கரையைப் பேண முடியாதவன் அதில் மண்வெட்டியை நட்டுவிட்டுப் போவான், பிடுங்குகிறவனுக்கு நிலம். பழைய சட்டம்.

அன்று டூனிஸின் கரையில் மண்வெட்டி நின்றது. பள்ளத்துச் சேறு சொட்டியது.

"ஓடிப்போறியாடா?" பக்கத்துப் பண்ணை வுப்பே இளித்தான்.

"நீதானே நட்ட, நாயே!"

"உன் நாத்தம் புடிச்ச நிலம் யாருக்கு வேணும்? உன் பாட்டன் மாதிரி புடுங்கிப் பாரேன்."

டூனிஸ் காறித் துப்பிவிட்டு மாடு கறக்கப் போனான்.

திரும்பியபோது மண்வெட்டி இல்லை. பள்ளத்திலிருந்து ஈரக் காலடிகள் மண்வெட்டி நின்ற இடம்வழியாக அவன் வாசல்வரை போயிருந்தன. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான்.

"யாரு?" உள்ளிருந்து ஓர் ஆண்குரல்.

"வான் டெர் வீல்! திறடா!"

"அது நான். நீ யாருடா?"

உள்ளே அவன் மனைவி இரண்டு காபிக் கோப்பைகளை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.