நன்றிக் கடிதம்

“சான்றிதழ் குடும்மா” என்று கல்லூரி அலுவலகத்தில் கை நீட்டினார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முதியோருக்கான இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பில் அவர்தான் முதலாவதாகத் தேறியவர்.

“நன்கொடை குடுத்தவங்களுக்கு ரெண்டு வரி நன்றி எழுதினாத்தான் சார் சான்றிதழ். அவங்க புண்ணியத்துலதான் இந்த வகுப்பே நடக்குது” என்றாள் அலுவலகப் பெண்.

“தாராளமா எழுதறேன். யாரு அவங்க?”

“ஒரு வக்கீலம்மா. செத்துப்போன அப்பா நினைவாக் குடுக்குறாங்க.”

“குடுத்துவச்ச மனுஷன்! எத்தனை பேருக்கு இப்படி ஒரு பொண்ணு அமையும்?” என்று உருகிப்போனவர் பேனாவைத் திறந்தார். “அவர் பேரைச் சொல்லும்மா, அதையும் சேர்த்து எழுதிடறேன்.”

நன்கொடைப் படிவத்தைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். “அட, உங்க பேரேதான் சார்! இனிஷியல்கூட அதேதான். அவரும் தலைமையாசிரியராம்!”

அவர் படிவத்தை வெடுக்கென்று பிடுங்கினார். அந்தக் கையெழுத்து, அவரே கைபிடித்து எழுதப் பழக்கியது.

‘இறந்த நாள்’ என்ற இடத்தில் இருபது வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. காலேஜில் சேரணும் என்று காலைப் பிடித்து அழுத மகளை, “இனி நீ எனக்குச் செத்தவ” என்று வெளியே தள்ளி, அவர் கதவைச் சாத்திய நாள் அது.