வலக்கையின் முதல் சத்தம்

பட்டறை இயந்திரத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் போன பிறகு தேவசகாயம் தன் எலக்ட்ரிக் கிட்டாரைத் தொடவே இல்லை. கிட்டார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதன் படத்தைப் போட்டு, "யாருக்காவது வேணும்னா எடுத்துக்கோங்க" என்று எழுதினார். மறுநாள் காலை குழுவிலிருந்து மங்கையர்க்கரசி வந்தாள். அவளிடமும் அதே மாதிரி சிவப்பு கிட்டார் உண்டு. எல்லோரும் பார்க்கத் தயங்கும் அவர் கையை அவள் நேராகவே பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போம்மா."

"வலது கை நல்லாத்தானே இருக்கு சார்?"

தரையில் உட்கார்ந்து கம்பிகளையெல்லாம் கழற்றி, வரிசையை மாற்றிக் கட்டினாள். கிட்டாரை இடம்வலமாகத் திருப்பி அவர் மடியில் வைத்து, ஸ்பீக்கரோடு இணைத்தாள். இடது கையில் மிச்சமிருந்த விரல்களுக்கு நடுவே, கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் வில்லையான பிக்கைச் செருகினாள்.

"இந்த வலது கைக்குக் கம்பியை அழுத்தத் தெரியாதும்மா."

"அந்தக் கைக்கும் ஒருகாலத்துல தெரியாதுதானே?"

அவர் வலக்கை விரலால் கம்பியை அழுத்தி, இடக்கைப் பிக்கால் மீட்டினார். தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் ஒரு சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள். "அந்தப் பொண்ணா வாசிக்குது?"

"இல்ல, நான்தான்" என்றார் தேவசகாயம், சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே.